சுடுதண்ணீரில் போட்டது நீ இல்லை

மகள்,

போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் நீ அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியதும் நான் தண்ணீர் எடுக்கப் போகிறவன் மாதிரி எழும்பிக் குசினிக்குள் போனேன். மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தல் நிறைந்துதான் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு அதற்கு முன்னால் நின்றபடி நீ சொன்னது முழுவதையும் கேட்டேன். ஏழு வயதில், டாவோஸில், அஷோத் மாமாவின் குழல் வாயில் செருகும் சீவாளியை நீ சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் போட்டு அவித்த கதை. சிவப்புப் பிடி போட்ட சட்டி என்றாய். கதிரையை இழுத்துவந்து ஏறி நின்றதால்தான் அடுப்பு எட்டியது என்றாய். தண்ணீர் குமிழி குமிழியாகக் கொதித்தது என்றாய். உன்னைக் கட்டப்போகிற கீர்த்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "அவரைத் தேடிப் பிடிச்சிட்டன். கலியாணத்துக்கு வாறார். எல்லாருக்கும் முன்னாலை மைக்கைப் பிடிச்சு அவரிட்டை மன்னிப்புக் கேக்கப் போறன்" என்று நீ சொன்னாய். நான் குழாயை மூடவே இல்லை.

நீ அவரிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். சீவாளியைச் சுடுதண்ணீரில் போட்டது நீ இல்லை, நான். டாவோஸில் எங்களிடம் சிவப்புப் பிடி போட்ட சட்டி இருந்ததே இல்லை. அது நாங்கள் ஓல்டனுக்கு வந்தபிறகு அம்மா வாங்கியது. நீ கதிரையில் ஏறவில்லை. குமிழியைப் பார்க்கவில்லை. அந்த நேரம் நீ குசினியிலேயே இல்லை. செய்யாத ஒன்றைச் சட்டிப் பிடியின் நிறம் வரைக்கும் நீ ஞாபகம் வைத்திருக்கிறாய். அந்த ஞாபகத்தை உன் தலைக்குள் வைத்தவன் நான். கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நீ மைக்கைப் பிடிப்பதற்கு முன் இதைப் படித்திருக்க வேண்டும்.

நேரே சொல்லலாமே என்பாய். முயன்று பார்த்தேன். சனிக்கிழமை உன்னைச் சீலைக் கடைக்குக் காரில் கூட்டிப்போனபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இந்த முறை பனி பிந்தித்தான் விழும் போலை கிடக்கு" என்றுதான் வந்தது. நீயும் "ஓம் அப்பா" என்றாய். கடை வாசலில் காரை நிறுத்தும்வரை பனியைப் பற்றியே கதைத்தோம். உன் அப்பன் எப்படிப்பட்ட வீரன் என்று உனக்குத் தெரியும்தானே.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சுவிஸ் வந்திருந்த நான் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அஷோத் அதே குசினியில் பெரிய சட்டிகளைத் தேய்க்கிறவன். ஆர்மீனியன், என்னைவிட இரண்டு வயது இளையவன், என்னைப் போலவே அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தவன். அவனுக்குத் தெரிந்த ஜெர்மனையும் எனக்குத் தெரிந்த ஜெர்மனையும் சேர்த்தாலும் ஒரு முழு வசனம் தேறாது. எனக்கு முதலில் கடிதம் வந்து, நீயும் அம்மாவும் ஐந்து வருடம் காத்திருந்து வந்து சேர்ந்தபோது, வேலையாட்கள் தங்கும் வீட்டின் மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறை தந்தார்கள். எதிர் அறை அஷோத்துடையது. நடுவில் பொதுக் குசினி. ஹோட்டல் வேலையில் மத்தியானச் சமையல் முடிந்து இராச் சமையல் தொடங்கும்வரை இரண்டு மூன்று மணித்தியாலம் ஓய்வு உண்டு. அதை அங்கே சிம்மர்ஸ்டுண்டே என்பார்கள். மற்றவர்கள் அந்த நேரம் படுப்பார்கள். அஷோத் குழல் ஊதுவான்.

அதன் பெயர் டுடுக். அப்ரிகொட் மரத்தில் கடைந்த குழல், ஒரு முழத்துக்கும் குறைவு. அதன் வாயில் இரண்டு விரல் அகலத்துக்கு நாணல் சீவாளி. எங்கள் நாதஸ்வரத்தின் சீவாளியை அதற்குப் பக்கத்தில் வைத்தால் பேரப்பிள்ளை மாதிரி இருக்கும். அழுகையை அடக்கிக்கொண்டு கதைக்கிற ஆம்பிளையின் குரல் அந்தக் குழலுக்கு. முதல்நாள் கேட்டுவிட்டு உன் அம்மா, "ஆரப்பா செத்தது?" என்று கேட்டாள். அஷோத்திடம் இரண்டு குழல் இருந்தது. ஒன்று பாட்டு ஊத. மற்றது, பாட்டு முடியும்வரை அறாமல் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க. அதை அவன் 'தாம்' என்றான். நாங்கள் தம் பிடிப்பது என்கிறோமே, அந்தத் தம்மாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பிடிக்க அவனுக்கு ஆள் இல்லை. ஒருநாள் என் கையில் தந்துவிட்டான். எங்கள் மேளக்காரரிடம் இதற்கு ஒத்து என்று பெயர் இருக்கிறது. ஊரில் எவனுக்கும் ஒத்து ஊதாதவன் என்று பெயரெடுத்த நான், டாவோஸில் ஒரு ஆர்மீனியனுக்கு உண்மையாகவே ஒத்து ஊதப் பழகினேன். இதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரித்தாள்.

பழகுவது இலேசான காரியம் இல்லை. முதல் ஒரு கிழமை காற்றுத்தான் வந்தது. பிறகு மாட்டுக் கன்று கத்துவதுபோல ஒன்று வந்தது. மூக்கால் மூச்சை எடுக்கும் அதே நேரம் கன்னத்தில் அடைத்து வைத்த காற்றை வெளியே தள்ளவேண்டும். சத்தம் ஒரு கணமும் அறக்கூடாது. அதற்கு அஷோத் ஒரு வழி சொன்னான்: கிளாசில் தண்ணீர் விட்டு ஸ்ட்ரோ வைத்து ஊது, மூச்செடுக்கும்போதும் குமிழி நிற்கக்கூடாது. நான் மூன்று கிழமை மல்லுக்கட்டிய வித்தையைப் பக்கத்தில் இருந்து நீ இரண்டு நாளில் செய்துவிட்டாய். அஷோத் கைதட்டினான். இவளைத்தான் எனக்குத் தாம் ஊத விடவேண்டும், நீ போய்க் கோப்பை கழுவு என்றான். காய்ந்த அப்ரிகொட் ஒன்றை எடுத்து உனக்குத் தந்தான். பிறகு ஒவ்வொரு நாளும் தந்தான்.

போன ஞாயிறுவரை நான் ஒருவருக்கும் சொல்லாததை இப்போது சொல்லவேண்டும். அந்தச் சீவாளி உலர்ந்து கிடந்தால் வாய் மூடிக்கொள்ளும். நனைத்துப் பதப்படுத்தித்தான் ஊதவேண்டும். அஷோத் அதைத் தன் வாயில் வைத்து நனைப்பான், நாவால் தடவுவான், ஊதிப் பார்ப்பான், பதம் வந்ததும் அப்படியே எடுத்து என்னிடம் நீட்டுவான். அவனுடைய எச்சில் அதில் பளபளக்கும். நான் அண்ணாந்து தண்ணீர் குடித்து வளர்ந்தவன். ஒரு கிளாசில் வாய்ச் சொண்டு பட்டால் அந்தக் கிளாஸைக் கழுவாமல் இன்னொருவர் தொடமாட்டோம். இன்னும் சொல்கிறேன்: எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கென்று தண்ணீர் குடிக்க வேறாக ஒரு தகரப் பேணி கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதை நான் ஒருநாளும் பிழையென்று நினைத்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளைதான் டாவோஸில் சீவாளியை வாங்கி, அஷோத் மறுபக்கம் திரும்பும்வரை காத்திருந்து, சேர்ட் நுனியில் துடைத்துவிட்டு வாயில் வைத்தான். நான் எச்சில் கோப்பை கழுவிச் சீவிக்கிறவன் என்பது அப்போது எனக்குச் சிரிப்பாகப் படவில்லை.

அந்தக் குளிர்காலம் அஷோத்தின் அம்மா ஆர்மீனியாவில் செத்துப்போனார். அவனால் போக முடியவில்லை. போனால் விண்ணப்பம் முடிந்தது, திரும்பி வர ஏலாது. என் அப்பா செத்தபோது நானும் அதே ஊரில் அதே காரணத்தால் நின்று கோப்பை கழுவினேன். ஆனபடியால் அவனுக்கு ஆறுதல் சொல்ல நான் முயலவில்லை. செத்தவருக்கு எங்களில் முப்பத்தோராம் நாள் செய்வதுபோல அவர்களுக்கு நாற்பதாம் நாள். சூரிச்சில் இருந்த சில ஆர்மீனியக் குடும்பங்கள் ஒரு தேவாலய மண்டபத்தை ஒரு ஞாயிறு மத்தியானத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். அஷோத் அங்கே அம்மாவுக்காக ஊத வேண்டும், நான் ஒத்துப் பிடிக்க வேண்டும். "நான் தனியே ஊதினால் அம்மா தனியே போவாள்" என்றான். அவனுடைய உடைந்த ஜெர்மனில் எனக்குத் தெளிவாக விளங்கிய சில வசனங்களில் அது ஒன்று.

அதற்கு முதல்நாள் சனிக்கிழமை. சிம்மர்ஸ்டுண்டேயில் கடைசித் தரமாகச் சேர்ந்து ஊதினோம். முடிந்ததும் அஷோத் நாளைக்குப் போடும் சேர்ட்டை அயன்பெட்டியால் அழுத்தப் போனான். சீவாளிகள் இருந்த தகரப்பெட்டி பொதுக் குசினி மேசையில் கிடந்தது. எனக்கு ஒரே யோசனை. நாளைக்குச் சபைக்கு முன்னால் அவன் வாயிலிருந்து எடுத்துத் தருவான், நான் திரும்பித் துடைக்க ஏலாது, அப்படியே வைக்கவேண்டி வரும். இன்றைக்காவது ஒருதரம் ஒழுங்காகச் சுத்தம் செய்து வைப்போம் என்று நினைத்தேன். கோப்பை கழுவுகிறவனுக்குச் சுத்தம் என்றால் என்ன? கொதிநீர்தான். ஹோட்டல் மெஷினில் அதைத்தான் தினமும் பார்க்கிறேன். முட்டை அவிக்கிற சின்ன அலுமினியச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து என் குழலின் சீவாளியை உள்ளே போட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும். எடுத்தபோது அது மீன் வாய் மாதிரி ஆவென்று திறந்திருந்தது. விரலால் அமத்தினேன், விட்டதும் திறந்தது. பயம் பிடித்துவிட்டது. ஹீட்டரின் மேல் வைத்து அதற்கு மேல் பாரமான சட்டியொன்றைத் தூக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். நுனியிலிருந்து அடிவரை வெடிப்பு. அதை எடுத்துத் தகரப்பெட்டிக்குள் பழையபடி வைத்து மூடிவிட்டு அறைக்கு வந்து கட்டிலில் இருந்தேன். அவன் பெட்டியைத் திறக்கும் சத்தம் எப்போது கேட்கும் என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு முன் வந்தான். வாசலில் நின்று உள்ளங்கையை விரித்தான். அவனிடம் நல்ல சீவாளி இரண்டுதான் இருந்தது, இரண்டும் ஊரிலிருந்து கொண்டுவந்தது. "யார்?" என்று கேட்டான். நான் என்று சொன்னால் அடுத்த கேள்வி ஏன் என்பது. உன் எச்சில் எனக்கு அருவருப்பு என்று எப்படிச் சொல்வேன்? காய்ச்சலில் நான் படுத்தபோது என் பங்குக் கோப்பைகளையும் சேர்த்துக் கழுவியவன். தன் தட்டிலிருந்து ரொட்டியைப் பிய்த்து என் வாயில் வைத்தவன். முந்தினநாள் நீ அந்தத் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்ததையும் அவன் சிரித்தபடி பிடுங்கி வைத்ததையும் நான் கண்டிருந்தேன். அது அந்தக் கணத்தில் ஞாபகம் வந்தது. என் வாயிலிருந்து ஒரே ஒரு ஜெர்மன் சொல் வந்தது: "கிண்ட்." பிள்ளை.

மறுநாள் அந்த மண்டபத்தில் அஷோத் தனியே ஊதினான். ஒத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அவன் மூச்செடுக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டு அறுந்தது. பாதியில் நிறுத்திவிட்டான். குழலை மடியில் வைத்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் இருந்தாய். திரும்பி வரும்போது லாண்ட்குவார்ட்டில் ரயில் மாறி ஏறியதும் நீ நித்திரையாகிவிட்டாய். அம்மா யன்னலைப் பார்த்தபடி, "பிள்ளையைச் சாட்டிப்போட்டியள். நான் சட்டியைக் கண்டனான்" என்றாள். "சின்னப் பிள்ளை தானே, நாளைக்கு மறந்திடும்" என்றேன். "மறக்காட்டில்?" என்று கேட்டாள். பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நீ வளர்ந்து அந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் அவளும் எனக்கு ஒத்து ஊதினாள். அவளைக் கோபிக்காதே. அவளை அதில் இழுத்துவிட்டதும் நான்தான்.

அஷோத் உன்னை ஏசவில்லை. பரவாயில்லை என்றுதான் சொன்னான். ஆனால் அப்ரிகொட் தருவது நின்றது. நீ குசினிக்குள் வந்தால் அவன் எழும்பித் தன் அறைக்குப் போவான். பனி கரைந்ததும் லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நான் அந்தக் குழலைப் பிறகு தொடவில்லை. நீயோ மற்றவர்களுடைய சாமான் எதையும் தொடாத பிள்ளையாகிவிட்டாய். பள்ளிக்கூடத்தில் உன்னைப் பற்றி எழுதிய அறிக்கையில் மிகவும் கவனமான பிள்ளை என்று இருந்தது. அதை எல்லாருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன் என்பதை நினைக்க இப்போது என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போல இருக்கிறது. போன மாதம் கீர்த்தன் கார்த் திறப்பைத் தொலைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடினான். தன் ஜாக்கெட்டில் அவனே போட்டது. நீ திறப்பைக் கண்ணாலும் கண்டிருக்கவில்லை. ஆனாலும், "ஸொறி, நான்தான் எங்கையும் வைச்சிருப்பன்" என்றாய். அவன் நல்ல பெடியன், உன்மேல் பழி போடுகிறவன் இல்லை. ஆனால் நீ வலியப்போய் எடுக்கிறாய். ஐம்பது வருடம் ஒருவனோடு வாழப்போகிற வீட்டில் தொலைகிற திறப்புக்கெல்லாம் நீ மன்னிப்புக் கேட்டால், கொஞ்சக் காலத்தில் எது நீ செய்தது எது செய்யாதது என்று உனக்கே தெரியாமல் போகும். இது மனைவியின் நல்ல குணம் என்று எவராவது சொன்னால், என் மாமிமார் உட்பட, நம்பாதே. அது குணம் இல்லை, நான் உனக்குப் பழக்கிவிட்டது.

போன ஞாயிறு மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, உன் அழைப்புப் பட்டியலில் இருந்த முகவரியை எடுத்துக்கொண்டு லா ஷோ-து-ஃபோனுக்குப் போனேன். உன் அழைப்பிதழ் அவன் வீட்டு மேசையில் இருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தான். கட்டிப்பிடித்தான். கோப்பி குடிக்க முன்னமே சொல்லிவிட்டேன், எச்சில், சட்டி, ஹீட்டர், எல்லாவற்றையும். எச்சில் என்றதும் கோபிப்பான் என்று நினைத்தேன். அதற்கு அவன் கையை விசுக்கினான். அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிறகுதான் முகம் மாறியது. எழும்பி நின்றான். "நாலு மாதம் நான் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வந்தால் எழும்பிப் போனேன். ஏழு வயது! என்னை அப்படிச் செய்ய வைத்தாய்" என்று கத்தினான். அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. கலியாணத்துக்கு வருவேன், உனக்காக இல்லை, அவளுக்காக, அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியது நான் என்றான். வாசல்வரை வந்து, "அவளிடம் முழுவதையும் சொல். வாசலில் நான் நிற்க நீ அவளிடம் கேட்டாயே, அவள் என்ன சொன்னாள் என்பதையும் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். எனக்குத் தமிழில் இரண்டு சொல் தெரியும்" என்றான்.

அது அம்மாவுக்கும் தெரியாது. 'கிண்ட்' என்று நான் சொன்னதும் அஷோத், எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தது என்று அவளிடம் கேள், சிலவேளை சரிசெய்யலாம் என்றான். நீ உள் அறையில் நிலத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாய். அவன் வாசலில் நின்றான். நான் தமிழில் கேட்டால் அவனுக்கு விளங்காது. ஆனால் நாள் முழுக்க எங்களோடு பழகியதில் ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லும் அவனுக்குப் பாடம். ஆகவே எனக்கு உன் வாயிலிருந்து ஓம் வேண்டியிருந்தது. குனிந்து உன் தோளைப் பிடித்தேன். "நீதானே மாமான்ரை சீவாளியைச் சுடுதண்ணியிலை போட்டனி?" என்று கேட்டேன். "இல்லை அப்பா" என்றாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். "வடிவா யோசிச்சுச் சொல்லு. நீதானே?" என்று தோளை இறுக்கினேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இல்லை, நான் இல்லை" என்றாய். மூன்றாம் முறை நான் கேள்வி கேட்கவில்லை. "நீதான் போட்டனி. அப்பா கண்டனான்" என்றேன். நீ என் முகத்தை நெடுநேரம் பார்த்தாய். அப்பா கண்டது பிழையாக இருக்காது என்று நீ முடிவெடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பிறகு "ஓம்" என்றாய்.

முதலில் சொன்ன இரண்டும்தான் நீ சொன்னவை, மகள். மூன்றாவது என்னுடையது.

அப்பா